மட்டிப் பெண் பாட்டு வந்த கதை

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது டவர் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேனே, டவர் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பேச வாய் வரவில்லை. நீ அவ்வளவு கோபத்தில் இருந்தாய். சென்னையில் யாரோ பையன்கள் கிட்டாரெல்லாம் வைத்துக்கொண்டு 'மட்டிப் பெண்ணே' பாட்டைப் பாடி யூடியூபில் போட்டிருக்கிறார்கள், ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது, கீழே 'நாட்டுப்புறப் பாடல், எழுதியவர் தெரியவில்லை' என்று இருக்கிறது என்றாய். "எங்கப்பா பாட்டுக்கு எழுதினவர் தெரியலையாமா? நீ ஒரு கையெழுத்து மட்டும் போடுப்பா, மீதிய என் ஃப்ரெண்டு பாத்துக்குவா, அவ வக்கீல்" என்றாய். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்காக நீ சண்டைக்கு நிற்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நீ அனுப்பிய தாளில் 'இந்தப் பாடல் முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று அடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று எழுதுகிறேன். உன் வக்கீல் தோழியும் படிக்கட்டும், மாப்பிள்ளையும் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். "எழுதிடு, கல்யாணத்துக்கு முன்ன அவளுக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசி களைய எழுந்து போய்விட்டாள்.

நான் மைக் செட் போட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். முதலியார்பேட்டையில் மில்லுக்கு எதிர்வீட்டில் பிறந்தவன் நான். எங்கப்பாவுக்கும் மில்லு, எனக்கும் மில்லு. அது மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்க ஆரம்பித்ததும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமாதி என்று போய்க்கொண்டிருந்தேன். பாடுகிறவனுக்கு மைக் கொடுக்கிறவன்தானே தவிர நான் பாடியவன் இல்லை. நாலு வார்த்தை சேர்த்துக் கட்டுகிற திறமையும் கிடையாது. கடல் எனக்கு ஆகாது என்பதும் உனக்குத் தெரியும். நீயும் அம்மாவும் பீச்சில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அலையில் நிற்பீர்கள், நான் செருப்புக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் அப்பா வழியில் யாரும் கடல் தொழிலுக்குப் போனதே இல்லை. நான் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியாது. கணுக்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர் பட்டால் மூச்சு முட்டும், அவ்வளவுதான்.

உன் அம்மாவைக் கட்டிக்கொண்ட மறு வருஷம், ஆடி மாதம், கடலோரத்துக் கனகசெட்டிக்குளத்தில் கங்கையம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே போனது அதுதான் முதல் தடவை. திருவிழாப் பொறுப்பு ஏழுமலை என்பவருக்கு. அப்போது நாற்பது வயதிருக்கும், கடலுக்குப் போகிறவர், சத்தமாகப் பேசுகிறவர். ஒரு குழாயை ஊரைப் பார்த்துக் கட்டச் சொன்னார். இன்னொன்றை நான் ரோட்டுப் பக்கம் கட்டப் போனேன். "அத கடலப் பாத்துக் கட்டுப்பா, கடல்ல இருக்கறவனுக்கும் கேக்கணும்ல" என்றார். கட்டி முடித்து, சாப்பிட்டு, பந்தல் நிழலில் பெட்டியில் தலை வைத்துப் படுத்தேன். நல்ல வெயில். கண்ணை மூடியதுதான் தெரியும். கனவு என்று ஒன்றும் இல்லை பாப்பா, எல்லாரும் கனவில் வந்தது என்பார்கள், எனக்கு அப்படி இல்லை. எழுந்து உட்கார்ந்தபோது வாயில் உப்புக் கரித்தது. பாட்டு முழுசாக நாக்கில் இருந்தது. வெகுநாள் பாடிப் பழகிய மாதிரி இருந்தது.

எப்போதும் 'ஹலோ, மைக் டெஸ்ட்டிங்' என்றுதான் சொல்வேன். அன்றைக்கு மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாடினேன்.

கட்டுமரம் ஏறிப்போறேன் மட்டிப் பெண்ணே – நான்
கரைதிரும்ப நாளாகும் மட்டிப் பெண்ணே
கொல்லக்கதவச் சாத்திராத மட்டிப் பெண்ணே – நான்
கும்மிருட்டில் வந்தாலும் வழிதெரியணும்

கடல்குடிச்ச ஒடம்பவிட்டேன் மட்டிப் பெண்ணே – ஒரு
கயித்துநூலப் புடிச்சிவந்தேன் மட்டிப் பெண்ணே
ஆலச்சங்கு ஊதுந்தெரு மட்டிப் பெண்ணே – அங்க
அழுதுகிட்டே கண்முழிச்சேன் மட்டிப் பெண்ணே

ஒன்னப்பாத்தா எனக்குத்தெரியாது மட்டிப் பெண்ணே – நீ
என்னப்பாத்தா சொல்லிப்புடு மட்டிப் பெண்ணே

இவ்வளவுதான் பாட்டு. நீ பாடுவதில் நாலாவது சரணம் ஒன்று இருக்கிறது. அது அன்றைக்கு இல்லை.

மைக்கைக் கீழே வைத்தபோது ஒரு அம்மா தெருவிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை, செதில் அப்படியே ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"யாரு தம்பி பாடுனது?"

"நான்தாம்மா. சவுண்டு அதிகமா இருந்துதா?"

"நீ எந்த ஊரு?"

"முதலியார்பேட்ட."

"இந்தப் பாட்ட ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லம்மா. படுத்து எழுந்தேன், வாயில வந்துது."

"மறுக்கா பாடு" என்றாள்.

பாடினேன். மைக் இல்லாமல், அவளைப் பார்த்து. முதல் 'மட்டிப் பெண்ணே' வந்ததும் அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் ஏழுமலை ஓடி வந்தார். அவள் அவருடைய அக்கா, பெயர் அஞ்சலை. நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து என் சட்டையைப் பிடிக்க வந்தவரை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு அவள் சொன்னதை அவரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

அவள் புருஷன் ஒரு கார்த்திகை மாதப் புயலில் போனவன். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை, பிள்ளை இல்லை. வானம் சரியில்லை, போகாதே என்று இவள் தடுத்திருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே கொல்லைப் பக்கமாகக் கிளம்பும்போது இவளைச் சமாதானப்படுத்த ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறான். இந்த முதல் சரணம்தான். "மீதிய வந்து பாடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கட்டுமரமும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. மட்டி என்பது அவன் இவளுக்கு வைத்த பெயர். எங்கள் தெருவில் மட்டி என்றால் புத்தி இல்லாதவள் என்று திட்டுவது. கடற்கரையில் மட்டி என்பது மணலுக்குள் கிடக்கிற சிப்பி. "கோவம் வந்து வாய மூடுனா தொறக்க மாட்டேன், அதுக்கு அப்டிக் கூப்பிடுவாரு" என்றாள். புருஷன் தனியாகக் கூப்பிட்ட பெயரை வெளியே சொல்ல வெட்கப்பட்டு அவள் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பாட்டையும் யார் காதிலும் போட்டதில்லை. இரண்டாவது, மூன்றாவது சரணம் அவளுக்கே தெரியாது.

"நீ பொறந்தது எப்போ தம்பி? அந்தப் புயலுக்கு முன்னயா, பின்னயா?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். "புயல்ல கூர பறந்துதே, அந்த மாசந்தான் நான் வயித்துல தங்குனேன்னு எங்கம்மா சொல்லும்."

"நீ பொறந்த தெருவுல ஆலச் சங்கு ஊதுமா?"

"எதிர் வூடே மில்லுதாம்மா."

அஞ்சலை மெதுவாக எழுந்தாள். இரண்டு கையையும் மணலில் தேய்த்துத் துடைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் என் காலுக்குப் பக்கத்து மணலைப் பார்த்துக்கொண்டு, வேறு ஒரு குரலில், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

பாப்பா, கருமாதி வீடுகளில் எத்தனையோ அழுகையை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். எதுவும் அந்த ஒரு 'ங்க' மாதிரி என்னை உலுக்கியதில்லை. என் அம்மா வயசுக்காரி. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என்னைத் தம்பி என்றவள்.

திருவிழா முடியும்வரை அந்த ஊரைவிட்டு நகர முடியாது, செட்டைப் போட்டுவிட்டு ஓட முடியுமா? அவள் அதற்குப் பிறகு என் பக்கத்தில் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் ஏழுமலை கொண்டுவந்து வைப்பார். அவர் சத்தம் எல்லாம் அடங்கிப் போயிருந்தது. முதல் நாள் குழம்பைத் திறந்துவிட்டு, "அக்கா தலைய எடுத்துட்டுப் போட்டுருக்கு. அவருக்கு மீன் தல ஆகாதாம், கண்ணு பாக்குதும்பாராம்" என்றார். நான் மீன் தலை தின்ன மாட்டேன் என்று உனக்குத் தெரியும், ஏன் என்று நீ கேட்டதில்லை. கண் பார்க்கிறது என்றுதான். அந்தச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினேன். ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் வந்தால் எர்த் ஒயர் எங்கே விட்டிருக்கிறது என்று தேடுகிறவன் நான். அன்றைக்கும் தேடினேன். நான் தூங்கியபோது பந்தல் பக்கம் யாராவது பாடினார்களா, சின்ன வயதில் இந்தப் பக்கம் என்னைக் கூட்டி வந்திருக்கிறார்களா என்று எல்லாரையும் கேட்டேன். இன்றுவரை அந்த ஒயர் எனக்கு அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பாட்டைப் பாடிக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "இத இனிமே இந்த வூட்டுல பாடாத" என்றாள். சரி என்றேன். அதற்கு அப்புறம் நானாக அந்தப் பாட்டை வாயில் எடுக்கவில்லை. கேசட்டிலும் பதியவில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் ஒரு காலை நேரம் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. அஞ்சலை. விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். உன் அம்மா போய் நின்றாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டதற்கு அவள் வரவில்லை. "பரவால்ல தங்கச்சி, இங்கியே சொல்லிட்டுப் போறேன்" என்றாள். மூத்தவள் இளையவளைக் கூப்பிடுகிற 'தங்கச்சி' அது என்று உன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பிடித்திருந்த அவள் விரல் வெளுத்துப் போனதை உள்ளேயிருந்து நான் பார்த்தேன்.

"உன் சொத்து எதையும் கேக்க வரல" என்றாள் அஞ்சலை. "கொல்லக் கதவ சாத்தாதன்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னிலேருந்து சாத்தல. மழ உள்ள வருது, மணல் வருது, நாய் வருது. எந்தம்பி சாத்த வந்தான், கைய வெட்டிக்குவேன்னு சொன்னேன். எனக்கு இப்ப முடியல தங்கச்சி. கடல் சத்தம் கேட்டுக்கிட்டே படுத்து வருஷக் கணக்காவுது. நானா எப்டிச் சாத்தறது? சாத்தாதன்னு சொன்னவங்க வந்து சாத்தணும். ஒரு தபா அனுப்பி வெய்யி. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலகாட்ட மாட்டேன்."

நான் உள்ளே நின்றுகொண்டு உன் அம்மா என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். முடியாது என்று அவள் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நானும் வரேன்" என்றாள்.

நாளை நீயும் ஒருவனோடு வாழப் போகிறாய். என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான். உன் புருஷன் கையை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும்போது, போகாதே என்று அழுவது ஒரு வழி, எக்கேடோ கெடு என்று விடுவது இன்னொரு வழி. உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அவனும் உனக்காக அப்படி வரவேண்டும், வராவிட்டால் வரச் சொல். பயத்தை ஒருவராகப் பார்ப்பதும் இரண்டு பேராகப் பார்ப்பதும் ஒன்றல்ல.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அஞ்சலை முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழுமலை முன்பக்கம் சிமென்ட் போட்டு வீட்டை நன்றாகத்தான் கட்டிக் கொடுத்திருந்தார். பின்கட்டு மட்டும் பழசு. கதவு கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. திறந்து கிடந்தது என்றால், முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறி அதைச் சுவரோடு சுவராகப் புதைத்து வைத்திருந்தது. கீல் துருப்பிடித்து, பலகை வெளுத்து எலும்பு மாதிரி இருந்தது. அறைக்குள்ளேயும் மணல். அதிலே ஒரு பாய். அலைச் சத்தம் வீட்டுக்குள் ஆள் நடப்பது மாதிரி கேட்டது.

மண்வெட்டி கொடுத்தார்கள். அஞ்சலை வேண்டாம் என்றாள். நான் மண்டி போட்டுக் கையால் மணலை அள்ளினேன். அள்ள அள்ள ஈரம், அள்ள அள்ளச் சிப்பி. உன் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினாள். ஏழுமலை சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். அடி மணல் போனதும் கதவு தானாக ஒரு சாண் நகர்ந்தது. நான் எழுந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது நான் எந்த வீட்டிலும் கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று நான் தேடவில்லை பாப்பா. கதவு மூடியதும் வந்த இருட்டில், அதற்கு மேலே, உத்திரத்தில் செருகியிருந்த ஒரு மரக்கட்டையை என் கை போய் எடுத்தது. அதைக் குறுக்கே போட்டேன். அங்கே கட்டை இருந்தது ஏழுமலைக்கே தெரியாதாம்.

கடல் சத்தம் நின்றுபோயிற்று. உண்மையிலேயே நின்றது. காதை அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"எவ்ளோ அமைதி" என்றாள் அஞ்சலை. முகம் சின்னப் பெண் முகமாக மாறியிருந்தது. பிறகு உன் அம்மாவின் கையைப் பிடித்து, மணலைத் தட்டிவிட்டாள். "ரொம்ப நாள் அவங்கள நிக்க வெச்சித் தேட விட்டுட்டேன் தங்கச்சி. அடுத்த தபா நான் தேடிக்கிறேன்" என்றாள். எங்களை வழியனுப்பக்கூட வரவில்லை. அந்தப் பாயை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டாள். பட்டப்பகலில், குழந்தை மாதிரி, படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

பொங்கலுக்கு முன்பே ஏழுமலையிடமிருந்து ஆள் வந்தது. அக்கா போய்விட்டாள், தூக்கத்திலேயே. கருமாதிக்கு நான் போகவில்லை. உன் அம்மா ஒரு சேலை வாங்கி வந்த ஆளிடமே கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு கனகசெட்டிக்குளத்திலிருந்து எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் செட் வேறு இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மறு வருஷம் நீ பிறந்தாய்.

உனக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம், குருசுக்குப்பத்துக் கல்யாணம் ஒன்றை முடித்துவிட்டு வந்து நான் கூடத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பார்க்க ஆன் செய்து வைத்திருந்தேன். நீ மைக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். வழக்கமாக ஊதுவாய், ஹலோ சொல்வாய். அன்றைக்குப் பாடினாய். மழலைதான், ஆனால் ராகம் பிசகவில்லை. 'கத்துமரம் ஏறிப்போறேன் மத்திப் பெண்ணே' என்று உன் குரல் குழாயில் வந்தபோது என் கையில் சுற்றிய ஒயர் கீழே விழுந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். நான் உனக்கு அதைப் பாடியதில்லை. உன் அம்மா பாடியதில்லை. பாடத் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்?

மூன்று சரணமும் முடிந்தது. நீ நிறுத்தவில்லை.

கரையில நின்ன மட்டி கெளம்பிட்டேன் – நீ
கடந்துபோன வழியத்தேடி நடந்துட்டேன்
தேடிவந்தவ சின்னவளா வந்துட்டேன் – என்ன
தெரியாட்டியும் பரவால்ல தூக்கிக்கோ

பாடிவிட்டு மைக்கைக் கீழே போட்டாய். அது 'டொம்' என்றது. இரண்டு கையையும் என்னைப் பார்த்து உயர்த்திக்கொண்டு நின்றாய்.

என்னால் அசைய முடியவில்லை பாப்பா. பெற்ற பிள்ளை கை நீட்டுகிறது, தூக்கப் பயமாக இருந்தது. உன் உதடு பிதுங்கி அழுகை வரப் பார்த்தது. அப்போது உன் அம்மா, "நிக்கிறியே, புள்ள கேக்குது பாரு, தூக்கு" என்று அதட்டினாள். தூக்கினேன். நீ கழுத்தைக் கட்டிக்கொண்டு என் தோளில் அப்படியே தூங்கிப் போனாய். உன் அம்மா வந்து உன் தலையைத் தடவினாள். "இவ எனக்குப் பொறந்தவ. முன்ன யாரா இருந்தா எனக்கென்ன" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே பாடுனா பாடட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் தூங்கப் போகும்போதெல்லாம் நீயே ஆரம்பிப்பாய், என்னையும் கூடப் பாடச் சொல்லுவாய். அதனால்தான் அப்பா பாடித் தூங்க வைத்த பாட்டு என்று உன் மனதில் பதிந்திருக்கிறது. லாஸ்பேட்டைக் கல்லூரி விழாவில் நீ மேடையில் பாடினாய், யாரோ போனில் பிடித்தார்கள், அது எங்கெங்கோ சுற்றி அந்தச் சென்னைப் பையன்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் திருடவில்லை. எழுதியவர் தெரியவில்லை என்று போட்டதும் பொய்யில்லை. முதல் சரணம் ஒருவருடையது. நடு இரண்டு எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசியை நான் உன்னிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

உன் போன் வந்த மறுநாள், இத்தனை வருஷம் கழித்து நான் கனகசெட்டிக்குளத்துக்குப் போனேன். கையெழுத்துப் போடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன், ஆனாலும் அவர்களுக்குச் சொல்லாமல் பாட்டைப் பற்றி எதையும் செய்யக் கூடாது இல்லையா? ஏழுமலைக்கு இப்போது எழுபது வயது. கடலுக்குப் போவதில்லை, முழங்கால் மடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "கன்னியப்பா!" என்று சத்தம் போட்டார்.

"என்னா?" என்றேன் நான்.

சொல்லிவிட்டுத்தான் அது என் பெயரில்லை என்று எனக்கே உறைத்தது. உள்ளேயிருந்து அவருடைய பேரன் வந்தான், ஃபைபர் போட்டில் போகிற வாலிபப் பையன். அவனுக்கு அஞ்சலை புருஷனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அஞ்சலை தன் வாயால் புருஷன் பெயரைச் சொன்னதே கிடையாது, நானும் கேட்டதில்லை. அது வரைக்கும் அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரனிடம் போனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்.

"மொத மூணும் எனக்குத் தெரியும், அன்னிக்கு உங்க வாயாலயே கேட்டேன்" என்றார். "கடசியா வருதே, அது எங்கக்கா பேச்சு. தெரியாட்டியும் பரவால்லன்னு வருது பாருங்க, எங்கக்கா எல்லாத்துக்கும் பரவால்லன்னுதான் சொல்லும். அத யாரு பாடுனது மொதல்ல?"

"எம் பொண்ணு."

"எப்பப் பொறந்துது?"

"அக்கா போன மறு வருஷம்."

அந்தப் பேரன் போனை அணைத்துவிட்டு மெல்ல வெளியே போய்விட்டான். பாட்டுக்குப் பெயர் போடுவதைப் பற்றி ஏழுமலையிடம் கேட்டேன். "அவரு பேரும் எங்கக்கா பேரும் போட்டா சந்தோசம். போடலன்னாலும் சண்ட வேணாம்" என்றார். ஆகவே நீ அந்தப் பையன்களுக்கு ஒரு நல்ல வார்த்தையில் எழுது. கனகசெட்டிக்குளம் கன்னியப்பனும் அஞ்சலையும் கட்டிய பாட்டு என்று போடச் சொல். என் பெயர் வேண்டாம். உன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும், இதில் எனக்கு உரிமையில்லை.

நான் கிளம்ப எழுந்தபோது, உனக்குக் கல்யாணம் என்று சொன்னேன். பையிலிருந்த பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, உன் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். "எங்கக்கா கல்யாணத்துல நான் டவுசர் போட்ட பையன். தம்பி மொறைக்கு ஒண்ணும் செய்யத் தெரியல. இந்தக் கல்யாணத்துக்கு வந்து சீர் வெக்கறேன், உங்க வூட்டுல ஏதும் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். உன் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள், "வரட்டும், மாமன் வரிசைக்குப் பக்கத்துல அவருக்கும் ஒரு தாம்பாளம் எடுத்து வெச்சிடறேன்" என்றாள்.

இதையெல்லாம் நீ நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கே இது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கல்யாணத்தன்று மேடைக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயசானவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவார். தட்டை உன் கையில் கொடுத்துவிட்டு உன்னை 'அக்கா' என்று கூப்பிடுவார். உன் தோழிகள் சிரிப்பார்கள். நீ சிரித்துவிடாதே. என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைக்கவும் வேண்டாம். உனக்கு வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்.

அப்பா